தாஜ்மகாலைப் பார்த்தவர்கள் குஸ்ரு பாக்கையும் பார்க்க வேண்டும்

பிரயாக்ராஜுக்குச் செல்லும் நம்மவர்களில் பெரும்பாலோர் திரிவேணி சங்கமத்தில் நீராடிவிட்டுக் காசிக்கோ கயைக்கோ கிளம்பிவிடுகிறார்கள். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், உயர்ந்த மதில்களுக்குள் இருக்கும் முகலாயக் கல்லறைத் தோட்டமான குஸ்ரு பாக் அவர்களுடைய பயணத் திட்டத்தில் இடம்பெறுவதேயில்லை. முகலாயக் கட்டடங்களில் என் மனத்துக்கு நெருக்கமானது எது என்று கேட்டால், தாஜ்மகாலுக்கு முன்பாக இந்தத் தோட்டத்தைத்தான் சொல்வேன்.

இங்கே அடங்கியிருப்பவர்களில் மூத்தவர் ஷா பேகம். ஆம்பர் அரசர் பகவந்த் தாஸின் மகளான மான் பாய்தான், முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் முதல் மனைவியாகி இப்பட்டத்தைப் பெற்றார். கணவருக்கும் மகன் குஸ்ருவுக்கும் இடையே மூண்ட பகையைப் பொறுக்க மாட்டாமல் அவர் அபின் உட்கொண்டு இறந்ததை ஜஹாங்கீரே தம் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அரசவைக் கலைஞர் ஆகா ரெசா வடிவமைத்த அவரது கல்லறையில் பெரிய குவிமாடம் கிடையாது. அடுக்கடுக்காகக் குறுகி எழும் மூன்று தளங்களின் உச்சியில் ஒரு சத்ரி, அதாவது தூண்கள் தாங்கும் சிறு குவிமாட மண்டபம், நிற்கிறது. ஃபதேபூர் சிக்ரியில் உள்ள பஞ்ச் மகால் என்ற அடுக்கு மாளிகையைப் பார்த்தவர்களுக்கு அதன் சாயல் உடனே பிடிபடும்.

தாய் இறந்த பின், 1606இல் தந்தைக்கு எதிராகக் கிளர்ந்த குஸ்ரு தோற்றுப் பிடிபட்டார்; தந்தையின் ஆணையால் அவரது கண்பார்வை சிதைக்கப்பட்டது. பின்னர் தம்பி குர்ரமின் காவலில் ஒப்படைக்கப்பட்டு, 1622இல் புர்ஹான்பூரில் உயிரிழந்தார். கொல்லச் செய்தவர் அந்தத் தம்பியே என்பதுதான் வரலாற்றாசிரியர்கள் பலரின் முடிவு. அந்தக் குர்ரம்தான் பிற்காலத்தில் ஷாஜகான் என்ற பெயரில் அரியணை ஏறி, தாஜ்மகாலைக் கட்டியவர்.

தோட்டத்திலேயே அழகானது குஸ்ருவின் சகோதரி நிதார் பேகத்துக்காக எழுப்பப்பட்ட கல்லறை. வேடிக்கை என்னவென்றால், அதற்குள் யாரும் அடக்கம் செய்யப்படவில்லை. உள்ளே அண்ணாந்து பார்த்தால் விதானம் முழுவதும் வட்டம் வட்டமாக நட்சத்திரங்கள். சுவர்களில் சைப்ரஸ் மரங்களும் பூச்செடிகளும். கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருக்கலாம். வெளியே வந்தால், கொய்யா மரங்களுக்கு நடுவே உள்ளூர்வாசிகள் நடைப்பயிற்சி செய்துகொண்டிருப்பார்கள். 1857 கிளர்ச்சியின்போது இந்நகரில் அதை வழிநடத்திய மௌல்வி லியாகத் அலி தம் தலைமையிடமாகக் கொண்டதும் இதே தோட்டத்தைத்தான்.

ஷாஜகானைக் காதலின் திருவுருவாக மட்டுமே நம் பாடப்புத்தகங்களும் சுற்றுலாக் கையேடுகளும் காட்டிவருவது எனக்கு உடன்பாடில்லை. மனைவிக்காக அவர் எழுப்பிய மாளிகையைப் பார்க்க ஆக்ரா வரை செல்பவர்கள், குஸ்ரு பாக்கில் இருக்கும் அவருடைய அண்ணனின் கல்லறைக்கும் ஒரு காலைப்பொழுதை ஒதுக்குவதே நியாயம் என்பேன்.