விலையைப் பார்த்து மட்டும் யாரும் பயிர் மாற்றுவதில்லை

"வெங்காயம் விலை ஏறினால் எல்லாரும் வெங்காயம், சோளன் விலை ஏறினால் எல்லாரும் சோளன். நம்மட கமக்காரருக்குத் திட்டமே இல்லை" என்று திருகோணமலை டவுனில் இருந்துகொண்டு எழுதுகிறவர்களுக்காக இது.

கந்தளாய்க் குளத்துக்குக் கீழே தம்பலகாமம் வரைக்கும் ஏன் நெல்? லாபம் கொட்டுகிறது என்றா? இல்லை. வாய்க்காலில் தண்ணி வருகிறது, வெட்டு மிஷின் வந்தால் ஒரே நாளில் வேலை முடியும், விற்காவிட்டாலும் வீட்டில் சோறாகும். நட்டம் வந்தாலும் தாங்கக்கூடிய பயிர் அது. வெயில்காலச் சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணி காணாது, இவ்வளவு ஏக்கர்தான் என்று கமக்காரர் கூட்டத்தில் முடிவானால், மிச்சக் காணிக்காரர் கௌபிக்கோ பயறுக்கோ போகத்தான் வேண்டும். அங்கே விலை எங்கே வந்தது?

இதே கந்தளாயில் ஒரு காலம் கரும்பு நின்றது. 1990-களில் சீனி ஆலை மூடப்பட்டது. வாங்க ஆளில்லாத கரும்பை யார் நடுவான்?

2021-இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தினார்கள். நவம்பரில் முடிவை மாற்றினார்கள், அதற்குள் மழைக்காலப் பெரும்போகம் தொடங்கிவிட்டது. யூரியா கிடைக்குமோ என்று தெரியாமல் நெல்லைக் குறைத்தவனையும் "சோம்பேறி" என்றார்கள். (சொன்னவர்களில் ஒருவர்கூட வரம்பில் நடந்தவராக எனக்குத் தெரியவில்லை.)

நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் மணல் காணி, கிணற்றுத் தண்ணி. சின்ன வெங்காயத்துக்குத் தோதான இடம். ஆனால் விதை வெங்காயம் வாங்கவே கைக்காசு கரைந்துவிடும், நட, களை பிடுங்க, கிண்ட எல்லாத்துக்கும் கூலி. கிண்டுகிற நேரம் பார்த்து இறக்குமதி வரியைக் குறைத்தால் வெளிநாட்டு வெங்காயம் வந்து விலை விழும், கதை முடிந்தது. அடுத்த போகம் அவன் கச்சானுக்கு (நிலக்கடலைக்கு) மாறினால் அது பேராசை இல்லை, பயம்.

நெல்லிலும் இதேதான். 2025 பெப்ரவரியில் நாட்டரிசி நெல்லைக் கிலோ 120 ரூபாய்க்கு வாங்குவதாக அரசு அறிவித்தபோது கிழக்கில் வெட்டுத் தொடங்கியிருந்தது. கடன் வாங்கினவன் அதுவரை காத்திருப்பானா? ஈர நெல்லை வயலிலேயே நெல் வாங்கும் முதலாளிக்கு அளந்து கொடுத்துவிடுவான்.

"தென்னை வையுங்கோ, மா வையுங்கோ" என்று ஆலோசனை சொல்பவர்களும் இருக்கிறார்கள். காணி அவனுடையதா என்று ஒருக்கால் கேளுங்கள். ஒரு போகக் குத்தகைக் காணியில் தென்னை காய்க்கும் வரைக்கும் யார் அவனை விட்டுவைப்பார்கள்?

நெல் விலையையும் வெங்காய வரியையும் விதைப்புக்கு முதலே சொல்லுங்கள், அந்தப் போகம் முடியும் வரை மாற்றாதீர்கள். அதற்குப் பிறகும் கண்டபடி பயிர் மாற்றினால் அப்போது திட்டலாம்.