“முடிந்தது” என்று பொய் சொல்லும் நிரல்

மூன்று நாட்கள்! பதிவுகளைத் தரவுத்தளத்தில் ஏற்றும் ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் நிரல் என் மூன்று நாட்களை விழுங்கிவிட்டது. சோதனையில் 10 பதிவுகள் கொடுத்தேன், பத்தும் ஏறின. உண்மையான வேலையில் 5,000. ஒருநாள் மூவாயிரம் ஏறியது, மறுநாள் நாலாயிரம். திரையிலோ ஒவ்வொரு முறையும் “முடிந்தது”. பிழை என்று ஒரு வரி கிடையாது!

காரணம் ஃபார்ஈச், பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபங்ஷனை ஓட்டும் கட்டளை. அதற்குள் ஓர் அசிங்க் ஃபங்ஷனை, அதாவது நேரம் பிடிக்கும் வேலைக்கான ஃபங்ஷனைக் கொடுத்து, வேலை முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் அவெய்ட்டும் ஒழுங்காகத்தான் போட்டிருந்தேன். அந்த ஃபங்ஷன் காத்திருந்தது, ஃபார்ஈச் காத்திருக்கவில்லை. “விடை பிறகு வரும்” என்ற வாக்குறுதியாகத் திரும்பி வந்த ப்ராமிஸைக் கையில்கூட வாங்காமல் அடுத்த பதிவுக்குத் தாவியது. ஐயாயிரமும் நடுவழியில் நிற்கும்போதே நிரல் அறிக்கையை அனுப்பிவிட்டு, கடைசி வரியில் இருந்த, நிரலை உடனே நிறுத்தும் ப்ராசஸ்.எக்ஸிட்டைத் தொட்டது. அதற்குள் கரை சேர்ந்தவை பிழைத்தன, மற்றவை போயின. சுற்றி, பிழையைப் பிடிக்கும் ட்ரை-கேட்ச் போட்டேனே, அதுவும் வீண். காத்திருக்காத ப்ராமிஸ் தோற்கும்போது ட்ரை பகுதி எப்போதோ முடிந்திருக்கும்.

ஒவ்வொரு சுற்றிலும் அவெய்ட்டுக்காக நிற்கும் ஃபார்-ஆஃப் சுழற்சிக்கு மாற்றியதும் எல்லாம் சரியானது. ஆனால் படிக்கிற கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன? ஃபார்ஈச் ஜாவாஸ்கிரிப்ட் தரத்துக்குள் வந்தது 2009-இல், அசிங்க்-அவெய்ட் வந்தது 2017-இல். பழையதற்குப் புதியதைத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஓர் எச்சரிக்கைகூடவா காட்டக் கூடாது?

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. பயனருக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்கும் அசிங்க் ஃபங்ஷனை, உண்மையா பொய்யா என்று சோதிக்கும் இஃப்புக்குள் அழைக்கும்போது அவெய்ட் விடுபட்டால், கையில் கிடைப்பது விடையல்ல, ப்ராமிஸ். ப்ராமிஸ் ஒரு பொருள். இஃப்புக்குப் பொருள் எதுவானாலும் உண்மைதான். அனுமதி இல்லாதவரும் உள்ளே போய்விடுவார். இந்தத் தவறு சத்தமில்லாமல் ஓடும் என்பதை நினைத்தாலே வயிறு எரிகிறது.

“கவனமாக எழுத வேண்டும்” என்று அறிவுரை சொல்ல வருகிறார்கள். கவனமாகத்தான் எழுதினேன்! ஜாவாஸ்கிரிப்ட்டோடு வகைகளையும் எழுதும் மொழி டைப்ஸ்கிரிப்ட். அதற்கான ஈஎஸ்லின்ட் என்ற பிழைதேடும் கருவியில் நோ-மிஸ்யூஸ்ட்-ப்ராமிசஸ் என்றொரு விதி இருக்கிறது. ஃபார்ஈச் தவறு, இஃப் தவறு இரண்டையும் அது பிடித்துவிடும். ஆனால் எது எண், எது ப்ராமிஸ் என்ற வகை விவரம் இருந்தால்தான் அதற்குக் கண் தெரியும். இருபது வரி நிரலுக்கு இன்னொரு மொழியையும் இன்னொரு கருவியையும் கட்டி இழுக்க வேண்டுமாம். நேற்று இரவு உட்கார்ந்து இழுத்தேன். முதல் ஓட்டத்திலேயே அதே மாதிரி இன்னும் நான்கு இடங்களைக் காட்டியது.