ஜப்பானில் கணவன் தன் குடும்பப்பெயரை மாற்றிக்கொள்வதைச் சட்டம் தடுக்கிறதா?

"ஜப்பானில் கல்யாணமானால் மனைவி கணவனின் குடும்பப்பெயரைத்தான் ஏற்க வேண்டும். ஆண் மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் இடமே இல்லை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

அங்குள்ள குடிமைச் சட்டத்தின் 750-வது பிரிவு சொல்வது வேறு: தம்பதிக்கு ஒரே குடும்பப்பெயர் இருக்க வேண்டும், அது கணவனுடையதாகவும் இருக்கலாம், மனைவியுடையதாகவும் இருக்கலாம். திருமணப் பதிவுப் படிவத்திலேயே 'கணவன் பெயர்', 'மனைவி பெயர்' என இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்றில் டிக் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். வெளிநாட்டவரை மணப்பவர்களுக்கு இந்தக் கட்டாயமும் கிடையாது.

சுசுகி மோட்டாரைப் பல்லாண்டு நடத்திய ஒசாமு சுசுகி பிறப்பால் மட்சுடா. 1958-ல் சுசுகி குடும்பத்துப் பெண்ணை மணந்து அந்தப் பெயரை ஏற்றார். நம் ஊரில் மாருதி ஓட்டுபவர்கள் கவனிக்க! ஆண் வாரிசு இல்லாத வீடுகளில் மருமகனையே சுவீகாரம் எடுப்பது அங்கே பழைய வழக்கம்.

சரி, வதந்திக்கு அடிப்படையே இல்லையா? இருக்கிறது. நடைமுறையில் சுமார் 95 சதவீதத் தம்பதிகளில் பெயரை மாற்றுவது மனைவிதான். சட்டம் கட்டாயப்படுத்தாததை ஊர் வழக்கம் செய்துவிடுகிறது. அவரவர் பெயரை அவரவர் வைத்துக்கொள்ள மட்டும் வழியில்லை. அந்த விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2015-லும் 2021-லும் தீர்ப்பளித்தது. மனைவியின் பெயரை ஏற்ற யோஷிஹிசா அவோனோவும் (சைபோஸு என்ற மென்பொருள் நிறுவனத்தின் தலைவர்) தனித்தனிப் பெயருக்கு வழி கேட்டு வழக்குப் போட்டார். 2019-ல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.