கிணற்றை எட்டிக்கூடப் பார்க்காமல் ஃபில்டர் மாட்டுகிறார்கள்

"ஒரு மைக்ரான் போட்டிருக்கேண்ணே, இனிமே தூசிகூட வராது." மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அவ்வளவு பொடித் துகளையும் பிடிக்குமாம். இப்படிச் சொல்லிவிட்டுப் போன பிளம்பர் தம்பி எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு மாட்டிய ஃபில்டர் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. தூசியை விடுங்கள், தண்ணீரே வரவில்லை. மாடித் தொட்டி காலி, தோட்டத்தில் கடைசி வரிசைச் செடிகள் வாடிக் கிடக்கின்றன, மோட்டார் மட்டும் அடைத்துப்போன கார்ட்ரிட்ஜோடு (ஃபில்டருக்குள் இருக்கும் வடிகட்டும் குழல்) முட்டிக்கொண்டு சூடேறுகிறது. போனில் கூப்பிட்டுக் கேட்டால், "தண்ணி ரொம்ப மோசம்ணே, அதான்" என்கிறார். தண்ணீர் மோசம் என்பதால்தானே உங்களை வரச் சொன்னது!

அவர் வந்த அன்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்கிறேன், ஏனென்றால் இதே பேச்சுவார்த்தை உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். வந்தார், கிணற்றுப் பக்கமே போகவில்லை. "பைப் ஒண்ணா, ஒண்ணேகாலாண்ணே?" இது ஒன்றுதான் அவர் கேட்ட கேள்வி. "தம்பி, முதல்ல ஒரு பாட்டில்ல தண்ணி பிடிச்சு வெச்சுப் பார்த்துடலாமா?" என்றேன். "அதெல்லாம் வேணாம்ணே, பார்த்தாலே தெரியுது." "மோட்டார் நிமிஷத்துக்கு எவ்வளவு தள்ளுதுன்னு ஒரு பக்கெட் வெச்சு அளந்துக்கலாமா?" "நல்லாத்தாண்ணே தள்ளுது." "சரி, தோட்டத்துக்குத் தனி லைன் போகுதே, அதுக்கு?" "எல்லாத்துக்கும் இதுவே போதும்ணே." "ஃபில்டருக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, பிரஷர் கேஜ்?" "அது எதுக்குண்ணே வீண் செலவு." பையிலிருந்து ஒரு பத்து அங்குல வெள்ளை டப்பாவை எடுத்தார், மோட்டார் லைனில், வீட்டுக்கும் தோட்டத்துக்கும் பிரிவதற்கு முன்னாலேயே வைத்துப் பசை போட்டு ஒட்டினார், காசை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் கேட்ட நான்கு கேள்விக்கும் பதிலே கிடையாது.

அந்த பாட்டிலுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கண்ணாடி பாட்டிலில் தண்ணீரைப் பிடித்து, நன்றாகக் குலுக்கி, ஓர் ஓரமாக வைத்தால் தண்ணீரே சொல்லிவிடும். மணல் என்றால் சில நொடிகளில் அடியில் போய் உட்கார்ந்துவிடும். வண்டல் என்றால் மணிக்கணக்கில் இறங்கும். களிமண் என்றால் மறுநாளும் அதற்கு மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். துகள் பத்தில் ஒரு பங்காகச் சிறுத்தால் அது இறங்கும் வேகம் நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. அசையாத தண்ணீரில் 10 மைக்ரான் துகள் ஒரு மீட்டர் இறங்கச் சுமார் 3 மணி நேரம் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். அதாவது மணலா களிமண்ணா என்று தெரியாமல் எந்த ஃபில்டரையும் தேர்ந்தெடுக்கவே முடியாது. பிடிக்கும்போது கண்ணாடி போலத் தெளிவாக இருந்து, கொஞ்ச நேரம் காற்றுப் பட்டதும் பழுப்பாக மாறுகிறதா? அப்படியானால் அது பெரும்பாலும் தண்ணீரில் கரைந்து வரும் இரும்பு. அதை எந்த மைக்ரான் கார்ட்ரிட்ஜும் கரைந்த நிலையில் பிடிக்காது. அதற்கு வழியே வேறு, முதலில் காற்றோட்டியோ குளோரின் சேர்த்தோ அதைத் துகளாக்கிவிட்டுத்தான் வடிகட்ட வேண்டும். இவ்வளவையும் ஒரு பாட்டில் சொல்லியிருக்கும், அதை வைக்க விடவில்லை.

அப்புறம் இந்த "ஒரு மைக்ரான்" பெருமை. மணல் என்பதே சுமார் 60 மைக்ரானில்தான் தொடங்குகிறது, அதற்கு மேல் 2 மில்லிமீட்டர் வரை போகிறது. கிணற்றிலிருந்து நேராக வரும் மணலை முதல் அடியிலேயே 1 மைக்ரான் கார்ட்ரிட்ஜ் மேல் கொட்டினால் அது அடைக்காமல் என்ன செய்யும்? படிப்படியாக இறக்க வேண்டாமா? முதலில் மணலைச் சுழற்றித் தள்ளும் ஸ்பின் டவுன் மாதிரி கழுவக்கூடிய ஒன்று, அப்புறம் 50, 20, கடைசியாகத் தேவைப்பட்டால் 5. புற ஊதா விளக்கு வைத்திருப்பவர்களுக்கு அதற்கு முன்னால் 5 மைக்ரான் வேண்டும், கலங்கல் தண்ணீரில் அந்த ஒளி கிருமியைச் சென்று சேராது. வண்டல் ஃபில்டர் மட்டும் போட்டுவிட்டு, "தெளிவா இருக்கு, குடிக்கலாம்ணே" என்று சொல்கிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயமாகவே இருக்கிறது. தெளிவு வேறு, சுத்தம் வேறு. உப்பையும் கிருமியையும் அந்தப் பஞ்சுக் குழல் பிடிக்காது.

பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணையும் நம்ப முடியவில்லை. "நாமினல்" என்று போட்டிருந்தால் அந்த அளவுத் துகளில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கும் என்று அர்த்தம், எவ்வளவு பகுதி என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். "அப்சல்யூட்" என்று இருந்தால்தான் கிட்டத்தட்ட முழுதாகப் பிடிக்கும். இதை எந்தக் கடையிலாவது வாய் திறந்து சொல்லியிருக்கிறார்களா?

எனக்கு உச்சிக்கு ஏறிய கோபம் தோட்டத்து லைன் விஷயத்தில்தான். சொட்டுநீர்க் குழாய்க்கு எதற்கு ஒரு மைக்ரான்? அதற்கு வழக்கமாகச் சொல்வது 120 மெஷ் (அங்குலத்துக்கு 120 கண்ணி உள்ள சல்லடை), அதாவது சுமார் 130 மைக்ரான். தண்ணீர் சொட்டும் டிரிப்பரின் துளை எவ்வளவோ அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வடிகட்டினால் போதும் என்பதுதான் பாசனக்காரர்களின் கணக்கு. அடுக்கு வளையங்களால் வடிகட்டும் ஒரு டிஸ்க் ஃபில்டர் போட்டு, அவ்வப்போது கழற்றி வளையங்களைக் கழுவினால் வேலை முடிந்தது. மணல் அதிகம் என்றால் அதற்கு முன்னால், தண்ணீரைச் சுழற்றி மணலைப் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோன். அதிலும் ஒரு கூத்து, "பெருசாவே வாங்கிக்கங்க, பின்னாடி உதவும்" என்பார்கள். தண்ணீர் வேகமாகச் சுழன்றால்தான் மணல் ஓரமாக ஒதுங்கும். உங்கள் மோட்டார் தள்ளும் அளவுக்கு மீறிப் பெரிதாக வாங்கினால் சுழற்சியே இருக்காது, மணல் அப்படியே கடந்து போகும். மிக நுண்ணிய களிமண்ணோ டிஸ்க்கையும் தாண்டித்தான் போகும், அதனால்தான் லேட்டரல் எனும் கிளைக் குழாய்களின் முனைகளை அவ்வப்போது திறந்துவிட்டுக் கழுவச் சொல்வது. செடிக்குப் போகிற தண்ணீர் முழுவதையும் சமையலறைக் கார்ட்ரிட்ஜுக்குள் நுழைத்து, அது அடைத்ததும் புதிது வாங்கு, திரும்ப வாங்கு என்றால், யார் வீட்டுப் பணம் அது?

பிரஷர் கேஜ் வீண் செலவாம்! உள்ளே வரும் அழுத்தத்துக்கும் வெளியே போகும் அழுத்தத்துக்கும் வித்தியாசம் 7, 8 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அளவு) ஏறிவிட்டது என்றால் கழுவு அல்லது மாற்று என்று அந்த முள்ளே சொல்லிவிடும். கேஜ் இல்லாததால் மோட்டார் திணறும் சத்தத்தைக் கேட்டு ஊகிக்க வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இவ்வளவு மண் ஏன் வருகிறது என்பது. மோட்டார் அடித்தரைக்கு மிக அருகில் தொங்குகிறதா, நீர்மட்டம் இறங்கியதால் சேற்றை உறிஞ்சுகிறதா, போர் என்றால் உள்ளே சல்லடைக் குழாய் கிழிந்துவிட்டதா? மோட்டாரைக் கொஞ்சம் மேலே தூக்கிக் கட்டினாலே பாதி மண் நின்றுபோகும் கிணறுகள் இருக்கின்றன. திடீரென்று மணல் அதிகமாக வந்தால் கிணறு எதையோ சொல்கிறது, அங்கே ஃபில்டரைத் தேடக் கூடாது. கிணற்றை எட்டிப் பார்க்க ஒரு நிமிஷம் போதுமே!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அடக்க முடியவில்லை. ஃபில்டருக்கு இரண்டு பக்கமும் கழற்றி மாட்டும் யூனியன் வைக்காமல், வால்வ் வைக்காமல், ஃபில்டரைச் சுற்றிப் போக ஒரு பைபாஸ் குழாய் விடாமல் பசை போட்டு ஒட்டிவிட்டுப் போகிறார்களே, இவர்கள் ஒருநாளாவது தங்கள் கையால் கார்ட்ரிட்ஜ் மாற்றியிருப்பார்களா? டப்பா விரிசல் விட்டால் பைப்பையே அறுக்க வேண்டும். அந்த டப்பாவைத் திறக்கும் பிளாஸ்டிக் சாவியையும் கையோடு எடுத்துப் போய்விட்டார். அதைக் கேட்டால், "நானே வந்து திறந்து தரேண்ணே, கூப்பிடுங்க" என்கிறார். கூப்பிட்டால் எடுப்பதில்லை.