தேர்வுக் குழுவில் புளியந்தோப்பு எங்கே?

ஏழைப் பிள்ளைகளுக்கு உலகத் தரத்தில் கல்வி, தலைமைப் பயிற்சி என்று சொல்லி வருகிற திட்டங்கள் சென்னையில் பெருகிவிட்டன. ஃபெல்லோஷிப், கோடை முகாம், வெளிநாட்டுக் கல்லூரியில் படிக்க முழு உதவித்தொகை என்று பல ரூபத்தில் வருகின்றன. வடசென்னையில் ஒரு மாலை நேர டியூஷன் சென்டரில் பல வருடங்களாகப் பாடம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். எங்கள் பிள்ளைகளில் சிலர் இந்தத் திட்டங்களில் சேர்ந்து நல்ல நிலைக்கு வந்திருக்கிறார்கள். இவை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எனக்கு இருப்பது ஒரே கேள்விதான். யாரை எடுப்பது, யாரை விடுவது, பணத்தை எதில் போடுவது என்று முடிவு செய்கிற இடத்தில், இந்தப் பிள்ளைகள் வளர்ந்த தெருக்களிலிருந்து யாராவது இருக்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை. மேடையில் இருக்கிறார்கள், ஆண்டறிக்கையின் அட்டையில் இருக்கிறார்கள், நன்கொடையாளர் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசுகிறார்கள். முடிவெடுக்கும் கூட்டத்தில் மட்டும் இல்லை.

இது முடியாத காரியம் ஒன்றும் கிடையாது. ஜிம்பாப்வேயில் நடந்திருக்கிறது. ஆன் காட்டன் என்ற பிரிட்டிஷ் பெண்மணி 1990-களின் தொடக்கத்தில், கிராமத்துப் பெண் பிள்ளைகள் ஏன் பள்ளிக்கு வருவதில்லை என்று ஆராயப் போனார். பழக்கவழக்கம்தான் தடை, பெற்றோருக்கு விருப்பமில்லை என்பதுதான் அப்போது பொதுவாகச் சொல்லப்பட்ட காரணம். நேரில் போய்ப் பேசியபோது பெற்றோர் சொன்னது வேறு: ஃபீஸ் கட்டப் பணமில்லை, இருக்கிற பணத்தில் ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்றால் பையனை அனுப்புகிறோம். 1993-ல் கேம்ஃபெட் என்ற அமைப்பைத் தொடங்கி, முதலில் 32 பெண் பிள்ளைகளைப் படிக்கவைத்தார். அவர்களில் ஒருவர் ஆஞ்சலின் முரிமிர்வா. இன்று அந்த அமைப்பின் தலைமைச் செயல் அதிகாரி அவர்தான். 2020-ல் கல்விக்கான யிடான் பரிசை, அப்போதைய தலைவர் லூசி லேக்கோடு சேர்ந்து வாங்கினார்.

ஒரு பெண் மேலே வந்துவிட்டார் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அவர் மேலே வருவதற்கான வழியை அந்த அமைப்பு வேண்டுமென்றே கட்டியது. படித்து முடித்த பெண்கள் 1998-ல் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். இன்று ஜிம்பாப்வே, ஜாம்பியா, கானா, தான்சானியா, மலாவி நாடுகளில் அந்தச் சங்கம் பரவியிருக்கிறது. சங்கத்துப் பெண்கள் தங்கள் ஊர்ப் பள்ளிக்கே போய் அடுத்த வரிசைப் பிள்ளைகளோடு உட்காருகிறார்கள். யார் இரண்டு நாளாக வரவில்லை, யாருக்கு வீட்டில் கல்யாணப் பேச்சு ஓடுகிறது என்பதெல்லாம் அவர்கள் காதுக்குத்தான் முதலில் வரும். ஏனென்றால் அதே கிணற்றில்தான் அவர்களும் தண்ணீர் எடுக்கிறார்கள். இப்படி உழைப்பவர்களுக்குச் சிறுதொழில் தொடங்க வட்டியில்லாக் கடன் கிடைக்கிறது. காசாக வட்டி கட்ட வேண்டாம், பள்ளியில் கொடுக்கும் நேரமே வட்டி. கூடவே அவர்களுடைய வேலைக்குச் செல்லுபடியாகும் சான்றிதழும் உண்டு. உதவி வாங்கியவர் உதவி வாங்கியவராகவே வயதாகிவிடாமல், வழிகாட்டியாகி, நிர்வாகியாகி, கடைசியில் அந்த அமைப்பையே நடத்துகிறவராக ஆவதற்குப் படிக்கட்டு வைத்திருக்கிறார்கள்.

நம் ஊரிலும் அந்தப் படிக்கட்டின் முதல் படி இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு, 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’. ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. எங்கள் சென்டருக்கு அடுத்த தெருவில் ஒரு அக்கா தன் வீட்டு வாசலிலேயே நடத்தினார். மாலையில் கோலம் போட்ட இடத்தைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும். எந்தப் பிள்ளை மதியம் சாப்பிடவில்லை, எந்த வீட்டில் நேற்று ராத்திரி சண்டை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். அவரை எந்தத் தலைமைத் திட்டமும் தேடி வரவில்லை. அவருக்கு வயது கொஞ்சம் கூட, ஆங்கிலம் பேச வராது, அவருடைய கதையில் விமானம் ஏறும் காட்சி கிடையாது. சென்னையில் கல்வித் தலைமையைப் பற்றி ஒரு நாள் கருத்தரங்கு நடத்துகிறவர்கள் அந்த அக்காவைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைத்திருக்க வேண்டும் என்று நான் மனதார நம்புகிறேன்.

சரி, தேர்வு எப்படி நடக்கிறது என்பதற்கு வருகிறேன். எனக்கு அதிகம் வலிக்கிற இடம் இது.

எங்கள் சென்டரில் படித்த ஒரு பெண், புளியந்தோப்புப் பக்கம். அப்பா இல்லை, அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர். நல்ல மதிப்பெண். ஒரு திட்டத்துக்கு விண்ணப்பித்து இன்டர்வியூ வரை போனாள். வாழ்க்கையில் நீ சந்தித்த பெரிய சவால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அவள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும் நேரமும் பள்ளிக்குக் கிளம்பும் நேரமும் ஒன்றாக இருந்ததால் பெண் பிள்ளைகள்தான் தினமும் லேட்டாகிக்கொண்டிருந்தார்கள். இவள் தெருவிலிருந்த நாலைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு போய் அதிகாரியிடம் பேசி, லாரியைச் சாயங்காலத்துக்கு மாற்றவைத்தாள். அதைத்தான் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள். பேனலில் இருந்தவர்கள் தலையாட்டிவிட்டு மறுபடியும் அப்பாவைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். எப்போது போனார், எப்படிப் போனார், அப்போது உனக்கு எப்படி இருந்தது. அவள் அதைச் சொல்ல விரும்பவில்லை, பேச்சு நின்றுவிட்டது. பிறகு வந்த மின்னஞ்சலில், தன்னம்பிக்கையை இன்னும் வளர்த்துக்கொள்ளச் சொல்லி எழுதியிருந்தார்கள்.

அந்த பேனலில் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. தண்ணீர் லாரியின் நேரத்தை மாற்றவைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். குடத்தோடு வரிசையில் நின்ற ஒருவர் அங்கே இருந்திருந்தால் அந்த இடத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்து, யாரைப் பார்த்தாய், முதலில் என்ன சொன்னார்கள், நீ என்ன பதில் சொன்னாய் என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்விகளுக்கு அவளிடம் மணிக்கணக்கில் பதில் இருந்தது.

துயரத்தைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு இடம், காரியத்தைச் செய்யத் தெரிந்த பிள்ளைக்கு இல்லை என்று ஆகிவிட்டால் பிள்ளைகளும் அதற்கேற்ப மாறிவிடுகிறார்கள். விண்ணப்பக் கட்டுரைக்காகத் தன் வீட்டுக் கஷ்டத்தைக் கொஞ்சம் கூட்டி எழுதவா என்று பதினேழு வயதுப் பையன் என்னிடம் கேட்டிருக்கிறான். அந்த நிலைக்கு அவனைக் கொண்டுபோய் நிறுத்தியதற்கு இந்தத் திட்டங்களை நடத்துகிறவர்கள்தான் பொறுப்பு.

ஆவணங்கள் விஷயத்திலும் இதே கதைதான். கூவம் ஓரத்திலிருந்து பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற மறுகுடியேற்றக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்ட குடும்பத்தில் ஆதாரில் ஒரு முகவரி, ரேஷன் கார்டில் இன்னொன்று என்று இருக்கும். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் என்று அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இ-சேவை மையத்தில் நிற்க வேண்டும். பத்து நாளுக்குள் பாஸ்போர்ட் நகல் அனுப்பு என்று விதி எழுதுகிறவருக்கு இது தெரிந்திருந்தால் அப்படி எழுத மாட்டார். பிள்ளைகளே இதைச் சொல்லியும் இருக்கிறார்கள். தெருவோரப் பிள்ளைகளுக்கான கிரிக்கெட் உலகக் கோப்பை 2019-ல் லண்டனில் நடந்தபோது, சென்னைப் பிள்ளைகளும் இருந்த தென்னிந்திய அணி லார்ட்ஸ் மைதானத்தில் கோப்பையை வென்றது. அடுத்த கோப்பை 2023-ல் இங்கே சென்னையிலேயே நடந்தது. எனக்கு அதில் பிடித்தது, ஆட்டத்தோடு பிள்ளைகளே கூடிப் பேசிக் கோரிக்கை வைப்பதும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்பது. அடையாள ஆவணமும் அந்தக் கோரிக்கைகளில் ஒன்று. பிள்ளைகளிடம் கேட்டால் இதுதான் முதலில் வரும்.

வெளியிலிருந்து வருகிறவர்கள் வரவே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சென்னைக்கு இது புதிதும் இல்லை. அமெரிக்கரான கர்னல் ஆல்காட் 1894-ல் அடையாறில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி தொடங்கினார். இன்றைய பெசன்ட் நகரில் அது அவர் பெயரிலேயே இருக்கிறது. பெரிய காரியம், மறுக்கவே முடியாது. ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1892-ல், சென்னை மகாஜன சபையில் எழுந்து நின்று இந்தப் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வி வேண்டும் என்று கேட்டவர் அயோத்திதாசப் பண்டிதர். கேட்டவர் அந்தச் சமூகத்துக்காரர். அதேபோல ஒடுக்கப்பட்ட சமூகத்தில், பரங்கிமலையில் பிறந்து பள்ளி ஆசிரியராக வேலை பார்த்த எம்.சி. ராஜா 1920-களில் சட்டமன்றத்திலேயே உட்கார்ந்து இதையெல்லாம் பேசினார். பள்ளியை நிறுவியவரை நினைவு வைத்திருக்கும் அளவுக்கு, அதைக் கேட்டு வாதாடியவர்களையும் நாம் நினைவு வைத்திருக்க வேண்டும்.

இன்றைய பெரிய வலையமைப்புகளும் இதே கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வெண்டி காப் என்ற மாணவி 1989-ல் பிரின்ஸ்டனில் எழுதிய பட்ட ஆய்வேட்டிலிருந்து பிறந்தது டீச் ஃபார் அமெரிக்கா. 2007-ல் அது டீச் ஃபார் ஆல் என்று உலக வலையமைப்பாக விரிந்தது. மும்பையில் குடிசைப் பகுதிப் பிள்ளைகளோடு வேலை செய்துவந்த ஷஹீன் மிஸ்த்ரி தொடங்கிய டீச் ஃபார் இந்தியாவின் முதல் ஃபெல்லோக்கள் 2009-ல் வகுப்பறைக்குள் போனார்கள். பட்டதாரிகள் இரண்டு வருடம் முழுநேர ஆசிரியராக இருந்துவிட்டு, பிறகு கல்வித் துறையின் பல இடங்களுக்கும் போய் மாற்றம் கொண்டுவருவார்கள் என்பதுதான் யோசனை. அந்த இளைஞர்களின் உழைப்பை நேரில் பார்த்தவன் என்பதால் மரியாதையோடுதான் சொல்கிறேன். இரண்டு வருடம் பாடம் எடுத்தவர் நாளைக்கு நிர்வாகியாகவும் கொள்கை வகுப்பவராகவும் ஆகலாம் என்றால், அந்த வகுப்பில் பத்து வருடம் உட்கார்ந்து படித்த பிள்ளையும் ஆகலாம். அந்த வழியும் இதே அளவு அகலமாக இருக்க வேண்டும்.

ஓசூர் பக்கத்தில் பாலிகானபள்ளியில் இருக்கிற சாந்தி பவன் பள்ளி இன்னொரு விதம். ஏப்ரகாம் ஜார்ஜ் 1997-ல் தொடங்கியது. சின்ன வயதிலேயே சேர்த்துக்கொண்டு, விடுதியில் வைத்து, கல்லூரி முடிந்து வேலை கிடைக்கும் வரை கூடவே நிற்கிறார்கள். அந்தப் பொறுமை வேறு எங்கும் கிடைக்காது. ஒரு குடும்பத்திலிருந்து ஒரு பிள்ளைதான் என்பது அங்கே விதி, அதிகக் குடும்பங்களுக்கு வாய்ப்புப் போகட்டும் என்பதற்காக. நியாயம்தான். ஆனாலும் வீட்டில் தங்கிவிட்ட தம்பியை நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. ஜோகன்னஸ்பர்க்கில் 2008-ல் திறந்த ஆப்பிரிக்கத் தலைமைத்துவ அகாடமி, மேற்படிப்புக்குப் பிறகு ஆப்பிரிக்காவுக்குத் திரும்பி வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் உதவித்தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. திரும்பி வரச் சொல்வது எனக்கும் பிடிக்கிறது. எந்த நாற்காலிக்குத் திரும்பி வருவது என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லிவிட்டால் நிபந்தனையே தேவைப்படாது.

அனுபவம் வேண்டாமா, நன்கொடையாளர்களிடம் பேசத் தெரிய வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். அதையும் கற்றுக்கொடுங்கள். பேச்சுப் பயிற்சியும் குழு விளையாட்டும் கற்றுக்கொடுக்கிற திட்டம், பட்ஜெட் போடவும் கணக்குப் பார்க்கவும் நிதி கேட்டு எழுதவும் ஏன் கற்றுக்கொடுப்பதில்லை? 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியின் துணைத் தலைவி கண்ணகி நகர் கார்த்திகா. அந்தப் பெண்ணை உலகம் பார்ப்பதற்கு முன்னால், அந்தக் குடியிருப்பிலேயே பெண் பிள்ளைகளைச் சேர்த்துத் தினமும் பயிற்சி கொடுத்த ஒரு பயிற்சியாளர் இருந்தார். ஆளைக் கண்டுபிடிக்கும் கண் அங்கேயே இருக்கிறது. தேர்வுக் குழுவுக்கு அந்தக் கண்தான் வேண்டும்.

சென்னையில் இப்படித் திட்டம் நடத்துகிற நண்பர்கள் என் நட்புப் பட்டியலிலேயே இருக்கிறீர்கள், உங்களைத்தான் கேட்கிறேன். அடுத்த தேர்வுக்கு முன் பேனலில் பாதி இடத்தை உங்கள் பழைய மாணவர்களுக்கும் அந்தப் பகுதிப் பெண்களுக்கும் கொடுங்கள். வாக்கோடு கொடுங்கள், அந்த நாளுக்கான சம்பளத்தோடு கொடுங்கள். இன்டர்வியூவைத் தமிழில் நடத்துங்கள், ஆங்கிலத்தை அவர்கள் திட்டத்தில் சேர்ந்த பிறகு சொல்லிக்கொடுக்கலாம். அப்பா எப்படி இறந்தார் என்று எந்தப் பிள்ளையிடமும் கேட்காதீர்கள். உங்கள் அறங்காவலர் குழுவில் ஒரு பழைய மாணவர் வருவதற்கு எந்த வருடம் என்று ஒரு தேதி குறித்து, அதை ஆண்டறிக்கையில் போடுங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு திட்டத்தில் படித்து முடித்து இப்போது சென்னையில் வேலையில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் இன்பாக்ஸில் எழுதுங்கள். எங்கள் சென்டரில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதிரி இன்டர்வியூ நடத்த ஆட்கள் தேவை. பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷனில் இறங்கிவிட்டால் வந்து கூட்டிக்கொண்டு போகிறோம்.