நிலவை விட்டிடாதையும் பிள்ளை

போன மாசம் பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர கவிதைப் போட்டி ஒண்டுக்கு நடுவரில ஒராளா என்னையும் கூப்பிட்டிருந்தவை. எந்த இடம் எண்டது இஞ்ச தேவையில்ல. வந்த கவிதையளில பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளை எழுதின நாலு வரி இன்னும் மண்டைக்குள்ளயே நிக்குது. கிணத்துக்க நிலவு விழுந்து கிடந்ததாம், வாளியை விட்டு அள்ளினாவாம், அம்மா அந்தத் தண்ணியிலதான் அரிசி கழுவினவாவாம். அவ்வளவுதான் கவிதை. தாளின்ர ஓரத்தில மற்ற நடுவர் சிவப்புப் பேனையால "தேய்ந்த படிமம்" எண்டு எழுதி, நிலவு எண்ட சொல்லைச் சுத்தி வட்டமும் போட்டிருந்தார். கதைச்சுப் பாத்தன். நிலா, மழை, பட்டாம்பூச்சி வந்தாலே தான் மாக்ஸ் குறைப்பாராம், நவீன கவிதைக்கு உது சரிவராதாம். பிள்ளைக்கு ஆறுதல் பரிசுகூட இல்ல. அண்டைக்கு நான் இன்னும் இறுக்கி நிண்டிருக்கோணும், நிக்கேல்ல, அது மனசை அரிச்சுக்கொண்டே இருக்கிறபடியாத்தான் இதை எழுதுறன்.

நவீன கவிதை நிலவைக் கைவிட்டதெண்டு ஆர் சொன்னது? கைவிடச் சொன்னவை இருந்தவைதான். இத்தாலியில எதிர்காலவாதக் கூட்டத்தைத் தொடக்கின கவிஞர் மரினெற்றி 1909 இல "நிலவொளியைக் கொல்லுவம்" எண்டு தலைப்புப் போட்டே ஒரு அறிக்கை எழுதினவர், அந்தக் கூட்டத்துக்கு மோட்டர்காரும் வேகமும் மெசினும்தான் அழகு. ஆனா அதே 1909 இலதான் லண்டனில டி. இ. ஹியூம் எண்டவர் ஒரு குட்டிக் கவிதையை வெளியிட்டவர். இலையுதிர்காலக் குளிர் ராத்திரி, வெளியில நடந்து போறார், சிவந்த நிலவு வேலிக்கு மேலால எட்டிப் பாக்குது, சிவந்த முகத்தோட நிக்கிற ஒரு கமக்காரன் மாதிரி. இவர் நிண்டு கதைக்கேல்ல, தலையை மட்டும் ஆட்டிப்போட்டுப் போறார். விளக்கம் சொல்லாமல் ஒரு காட்சியை மட்டும் காட்டிவிடுற படிமக் கவிதையின்ர தொடக்கங்களில ஒண்டா இண்டைக்கும் அதைத்தான் சொல்லுறவை. அதை முதல்முதல் வாசிச்ச நேரம் எனக்கு எங்கட ஒழுங்கைதான் கண்ணுக்க வந்தது. கிடுகு வேலி, பூவரசங் கதியால், பின்னேரம் பக்கத்து வளவு ஐயா வேலிக்கு மேலால தலையை நீட்டி "என்ன தங்கச்சி, கரண்ட் வந்திட்டுதோ" எண்டு கேக்கிறது, பறுவத்தண்டு அவற்ற தலை நிக்கிற அதே இடத்தில கொஞ்சம் பிந்தி நிலவு வந்து நிக்கும். லண்டன்காரற்ற நிலவு எனக்கு அயலட்டை மனுசரா வந்து நிண்டதுக்குக் காரணம் அவர் அதை வானத்தில வச்சுப் பாடாமல் வேலியில கொண்டுவந்து சாத்தினதுதான்.

அமெரிக்காவில வாலஸ் ஸ்டீவன்ஸ், இன்சூரன்ஸ் கொம்பனியில பெரிய உத்தியோகம் பாத்துக்கொண்டு கவிதை எழுதின மனுசன், அவற்ற கவிதையளில கன இடத்தில சூரியன் எண்டால் உள்ளபடி இருக்கிற உலகம், நிலவு எண்டால் கற்பனை. இதை விளங்கப் பெரிய படிப்பு வேண்டாம், எங்கட கிணத்தடிக்குப் போனாலே காணும். பகலில அது வாளி, கயிறு, பாசி பிடிச்ச கட்டு. ராவில அதே கிணத்துக்க இன்னொண்டு கிடக்கும்.

நிலவு உண்மையில வெள்ளையும் இல்ல, அதின்ர மண் பழைய தார் ரோட்டு நிறம், விழுற வெயிலில கிட்டத்தட்ட 12 வீதத்தைத்தான் திருப்பி அனுப்புது. பனைவடலிக்குப் பின்னால எழும்பேக்க தாம்பாளம் போல பெரிசாத் தெரியுறதும் அப்பிடித்தான், கையை நீட்டிச் சின்னி விரல் நகத்தால மறைச்சுப் பாருங்கோ மறைஞ்சிடும், உச்சிக்கு வந்த பிறகும் அதே நகம் காணும். பெரிசாக்கினது எங்கட மூளை. கவிதை எழுதாத மனுசரும் பறுவத்தண்டு முத்தத்தில நிண்டு கற்பனை செய்துகொண்டுதான் நிக்கினம், அதால நிலவைக் கற்பனைக்குக் குறியீடா ஆரோ கவிஞர் கண்டுபிடிச்சார் எண்டு நான் நம்பேல்ல.

ஆனா எல்லா இடத்திலயும் ஒரே நிலவு இல்ல, அதைத்தான் அந்த நடுவருக்கு நான் சொல்லியிருக்கோணும். தொண்ணூறுகளின்ர தொடக்கத்தில, சண்டையால ஆனையிறவுப் பாதை இல்லாமல் யாழ்ப்பாணச் சனம் கிளாலியால கடல்நீரேரி கடந்து வன்னிக்குப் போன காலம், நான் அப்ப சின்னப் பிள்ளை. கரையில சூட்கேசுக்கு மேல இருந்துகொண்டு அப்பா வானத்தையே பாத்துக்கொண்டிருந்தவர். நிலவு எழும்ப முதல் போட் வெளிக்கிடோணும், இல்லாட்டி நேவிக்குக் காட்டிக் குடுத்திடும் எண்டு சனம் குசுகுசுத்தது. எல்லாரும் இருட்டுக்கு நேந்துகொண்டு இருந்தம். அம்மம்மா நிலவு காட்டிச் சோறு தீத்தின வாய், அதே வாயால "வரக்கூடாது வரக்கூடாது" எண்டு சொல்லிக்கொண்டிருந்தன். நடுவில மேகம் விலகி ஒருக்கா வெளிச்சம் விழுந்தது, போட்டுக்குள்ள இருந்த அத்தனை முகமும் சாம்பல் பூசினமாதிரித் தெரிஞ்சது, எனக்குப் பக்கத்தில இருந்த அக்கா தன்ர குழந்தையின்ர முகத்தைச் சீலையால மூடினவா. குழந்தை அழேல்ல. நிலவு குழந்தையைக் கண்டிடும் எண்டு பயந்துதான் மூடினவா எண்டு அப்ப நான் நினைச்சன், இப்பவும் அப்பிடித்தான் நினைக்கிறன். இது தேய்ந்த படிமம் எண்டு என்னட்ட ஆரும் சொல்லேலாது.

மஹாகவி எண்ட பேரில எழுதின எங்கட அளவெட்டிக் கவிஞர் உருத்திரமூர்த்தி "தேரும் திங்களும்" எண்டு எழுதினதை இந்த நடுவர்மார் மறந்திடுகினம். ஊர் கூடித் தேர் இழுக்குது, நானும் வடம் பிடிக்கிறன் எண்டு ஒருத்தன் வாறான். மனுசன்தான், ஆனா சாதி. நில் எண்டினம், கொல் எண்டினம், ரத்தம் சிந்துது, தேர் வேர் விட்டமாதிரி நிண்டிடுது, அம்மன் ஊமையா உள்ள இருக்கிறா. கடைசியிலதான் நிலவு வருது. முந்தநாள் நிலவைத் தொட்டுவிட்டு வந்தவன்ர சொந்தம்தானே இஞ்ச மண்ணில புரளுது எண்டு முடிக்கிறார். 1968 இல மாவிட்டபுரத்தில ஒடுக்கப்பட்ட சாதியாக்களைக் கோயிலுக்குள்ள போகவிடச் சொல்லிப் போராட்டம் நடந்தது, 1969 யூலையில மனுசன் நிலவில கால் வச்சான், இந்த ரெண்டுக்கும் இடையில ஒரு வடக்கயிறைக் கட்டிவிட்டவர் அவர். நிலவில கால் வச்சதோட கவிஞனுக்கு நிலவு செத்துப்போச்சு எண்டு ஆரும் சொன்னால் நான் இந்தக் கவிதையைத்தான் வாசிச்சுக் காட்டுவன். (இன்னொண்டும் சொல்லோணும், 1966 இல இருந்து 1971 வரைக்கும் இலங்கையில ஞாயிறு லீவு இல்ல, நிலவு வளந்து தேயுற கணக்கில வாற போயா நாள்தான் வார லீவு. மஹாகவி இருந்தது அப்பிடி நிலவைப் பாத்து வாரம் எண்ணின நாட்டில.)

இந்தக் கவிதையில நிலவைப் பற்றி அழகா ஒரு சொல்லும் இல்ல. தூரத்தில கிடந்த ரெண்டை ஒரே கண்ணால பாத்திருக்கிறார், அதைத்தான் நான் கற்பனை எண்டுறன். பாரதிதாசனும் "புரட்சிக்கவி"யில அதைத்தான் செய்தவர், நாள் முழுக்க உழைச்சும் கூழுக்குத் தேடித் திரியுற சனம் பானை நிறைய வெள்ளைச் சோத்தைக் கண்டால் வாற சந்தோசத்தை நிலவுக்குப் பக்கத்தில கொண்டுபோய் வச்சவர். இப்ப திரும்பி அந்தப் பிள்ளையின்ர நாலு வரியைப் பாருங்கோ. அரிசி கழுவின தண்ணி எப்பிடி இருக்கும்? வெள்ளையா, மங்கலா, நிலவுமாதிரித்தானே. பிள்ளை அதைச் சொல்லாமலே விட்டிருக்கிறா. பதினைஞ்சு வயசில அப்பிடிச் சொல்லாமல் விடத் தெரிஞ்சிருக்கு, அதுக்கு மேல வட்டம் போட்டிட்டம்.

"நிலவே நீ என் காதலியின் முகமோ" எண்டு எழுதுறவைக்கு நான் வக்காலத்து வாங்க வரேல்ல. அதை அந்த நடுவரோட சேந்து நானும் வெட்டுவன். ஆனா சொல்லைப் பாத்து மாக்ஸ் குறைக்கிறவர் கவிதையை வாசிக்கேல்ல எண்டுதான் அர்த்தம்.

பிள்ளை, உம்மட பேர் இஞ்ச போடேல்ல, ஆரும் இதை உமக்குக் காட்டினால் ஒண்டு கேக்கிறன். அந்த நாலு வரியில ஒரு சொல்லையும் மாத்தாதையும். அரிசி கழுவேக்க அம்மா அந்தத் தண்ணியை எங்க ஊத்தினவா, வாழையடியிலயோ, மாட்டுக்கோ? அதையும் எழுதி அனுப்பும்.