நோய் இருந்தாலும் மெடிஷீல்டு லைஃப் உண்டு

சிங்கப்பூர் அரசின் மருத்துவக் காப்புறுதித் திட்டமான மெடிஷீல்டு லைஃப் பற்றி ஒருவர், "ஏற்கெனவே இதய நோய் இருப்பவருக்கு மெடிஷீல்டு லைஃப் கிடையாது, சந்தா கட்ட முடியாவிட்டால் அதையும் வெட்டிவிடுவார்கள்" என்று எழுதியிருக்கிறார். இரண்டும் தவறு.

அவர் சொல்வது 1990இல் வந்த பழைய மெடிஷீல்டுக்குப் பொருந்தும். அதில் முன்பிருந்தே உள்ள நோய்களுக்குக் காப்புறுதி மறுக்கப்பட்டது, வயது வரம்பும் இருந்தது. 2015 நவம்பர் 1 முதல் அதற்குப் பதிலாக மெடிஷீல்டு லைஃப் வந்து, அந்தக் கதவு திறந்துவிட்டது. குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாருக்கும் ஆயுள் முழுக்கக் காப்புறுதி உண்டு. கடுமையான நோய் முன்பே இருந்தால் முதல் 10 ஆண்டுகளுக்கு 30% கூடுதல் சந்தா, அவ்வளவுதான். சந்தாவை மெடிசேவ் என்னும் நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து கட்டலாம். வருமானம் குறைந்தவர்களுக்கு மானியம் இருக்கிறது, அதற்கும் வழியில்லை என்றால் கூடுதல் உதவி உண்டு. பணமில்லை என்பதற்காக யாருடைய காப்புறுதியும் நிற்காது.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறேன் என்றால், தனியார் நிறுவனங்கள் மெடிஷீல்டு லைஃபுக்கு மேல் கூடுதல் காப்புறுதி சேர்த்து விற்கும் ஒருங்கிணைந்த திட்டங்களிலிருந்து. அவர்கள் பழைய நோயை விலக்கலாம். அப்போதும் அடிப்படையான மெடிஷீல்டு லைஃப் பகுதி அப்படியே இருக்கும்.

குறையே இல்லை என்று சொல்லவில்லை. காப்புறுதி கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கட்டும் கழிவுத்தொகையும், மீதிக் கட்டணத்தில் நம் பங்குத் தொகையும் கையைக் கடிக்கத்தான் செய்யும். வேலை அனுமதிச்சீட்டில் வந்த நம் வெளிநாட்டு ஊழியர்கள் இதில் சேரவே முடியாது. அவர்களுக்கு முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி 2023 ஜூலையில்தான் 15,000 வெள்ளியிலிருந்து (சிங்கப்பூர் டாலர்) 60,000 ஆக உயர்ந்தது. கோபப்பட வேண்டிய இடம் அது.

தயவுசெய்து இந்தத் தவறான தகவலை நம்பி யாரும் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். கட்டணம் பயமுறுத்தினால் மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியரைக் கேளுங்கள். கட்டணம் கட்ட முடியாத குடிமக்களுக்கு மெடிஃபண்ட் என்னும் அரசு உதவி நிதியும் இருக்கிறது.